கூட்டம் நடக்கும் இடம்

சட்டத்தில் 'இடம்' என்றொரு சொல் இருந்தால், அந்த இடத்துக்குச் சுவரும் கூரையும் இருந்தே தீர வேண்டுமா? தத்துவ வகுப்பில் எழக்கூடிய கேள்விபோலத் தோன்றும் இதற்கு, 2021 ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் விடை சொல்ல வேண்டியிருந்தது. அந்த விடையைப் பொறுத்துத்தான், கவுன்ட்டி மன்றம் முதல் சிற்றூர்களின் பாரிஷ் மன்றம் வரை, அந்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகள் அனைத்தும் அடுத்த மாதம் எப்படிக் கூடுவது என்பது முடிவாக இருந்தது.

கொள்ளைநோய்க் காலத்துச் சிறு விதி ஒன்றைச் சுற்றி எழுந்த வழக்குதான். ஆனால் அதன் வேர் நூறாண்டுக்கும் மேல் பின்னால் செல்கிறது. மன்றத்தின் கதவு யாருடையது என்ற பழைய சண்டையைச் சொல்லாமல் புதிய சண்டையைச் சொல்ல முடியாது.

வேல்ஸின் தென்மேற்குக் கடற்கரையில் டென்பி என்று ஒரு சிறுநகரம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மேசன் என்ற பத்திரிகையாளர் நகர மன்றத்தின் கூட்டங்களுக்குச் சென்று செய்தி எழுதிவந்தார். அவர் எழுதியவை மன்றத்தாருக்கு உவப்பாக இல்லை. வராதே என்றார்கள், அவர் வந்தார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்றது. 1908இல் வந்த தீர்ப்பு மன்றத்துக்கே சாதகமாக அமைந்தது: உள்ளாட்சி மன்றக் கூட்டத்தில் வந்து அமரும் உரிமை பொதுமக்களுக்கும் இல்லை, பத்திரிகையாளருக்கும் இல்லை, மன்றம் விரும்பினால் அனுமதிக்கலாம், விரும்பாவிட்டால் வெளியேற்றலாம். வரி செலுத்துகிறவன், வரி விதிக்கும் அவையைப் பார்க்க அந்த அவையிடமே அனுமதி கேட்க வேண்டும் என்பது அன்றைய சட்ட நிலை.

அதே ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, பத்திரிகைகளுக்கு மட்டும் கதவைத் திறந்தது. கதவு திறந்ததே ஒழிய, தாழ்ப்பாள் உள்ளே இருந்தவர்களிடமே இருந்தது. மன்றம் முழுவதும் தன்னை ஒரு 'குழு' என்று அறிவித்துக்கொண்டால் இந்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. அதே உறுப்பினர்கள், அதே நாற்காலிகள், அதே பொருள்; பெயர் மட்டும் குழு. இந்த உபாயம் ஐம்பது ஆண்டுகள் செல்லுபடியாயிற்று. 1950களின் பிற்பகுதியில் அச்சுத் தொழிலாளர் தகராறு ஒன்றின்போது, தொழிலாளர் பக்கம் நின்ற சில மன்றங்கள் அந்தப் பத்திரிகைகளின் செய்தியாளர்களை வெளியே நிறுத்தின. இது பெரிய சர்ச்சையாயிற்று.

அப்போதுதான் ஃபின்ச்லி தொகுதியிலிருந்து புதிதாகத் தேர்வான உறுப்பினர் ஒருவர் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். 1960 பிப்ரவரி 5 அன்று அவர் நிகழ்த்திய கன்னிப்பேச்சே அந்த மசோதாவின் மீதுதான். அவர் பெயர் மார்கரெட் தாட்சர். பிற்காலத்தில் உள்ளாட்சி மன்றங்களின் அதிகாரங்களை வெட்டிச் சுருக்கியவர் என்று பெயரெடுத்தவரின் முதல் சட்டம், அம்மன்றங்களின் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்த சட்டம் என்பதை அவரை விரும்புவோரும் வெறுப்போரும் ஒருசேர மறந்துவிடுகிறார்கள். 1972இன் உள்ளாட்சிச் சட்டம் இந்த உரிமையைக் குழுக்களின் கூட்டங்களுக்கும் நீட்டியது. 1985இல் கோப்புகளைப் பார்க்கும் உரிமையும் 2014இல் கூட்டத்தைப் படம்பிடிக்கும் உரிமையும் சேர்ந்தன.

1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களை இங்கே சற்று கவனிக்க வேண்டும். கூட்டம் ஓர் 'இடத்தில்' நடக்க வேண்டும். அந்த இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். 'வந்திருந்து' வாக்களிப்போரின் பெரும்பான்மையே முடிவு. ஆறு மாதம் தொடர்ந்து கூட்டத்துக்கு வராத உறுப்பினர், மன்றம் ஏற்றுக்கொண்ட காரணம் இல்லாவிடில், பதவியை இழப்பார். பாரிஷ் மன்றங்களுக்கு இன்னொரு விதியும் உண்டு: வேறு தகுந்த அறை கிடைக்காத நிலையிலன்றி மதுக்கடையில் கூட்டம் நடத்தக் கூடாது! எழுதியவர்களின் மனத்தில் இருந்தது மேசையும் நாற்காலியும் உள்ள ஓர் அறை என்பதில் ஐயமே இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் இச்சொற்கள் எல்லாம் ஒரே நாளில் பொறியாக மாறின. மன்றம் கூடாவிட்டால் கட்டட அனுமதி முதல் பல வேலைகள் நிற்கும். கூடினால் நோய் பரவும். மார்ச் 25 அன்று ஒப்புதல் பெற்ற கொரோனா வைரஸ் சட்டத்தின் 78ஆம் பிரிவு, இதற்கெனத் தனி விதிகள் செய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. விதிகள் ஏப்ரல் 4 அன்று நடைமுறைக்கு வந்தன. அவை செய்த முக்கியமான காரியம் ஒரு சொல்லுக்குப் புதுப்பொருள் தந்ததுதான். கூட்டம் நடக்கும் 'இடம்' என்பதில் இணைய முகவரியும், பலர் சேர்ந்து பேசும் தொலைபேசி எண்ணும் அடங்கும் என்றன. 'வந்திருத்தல்' என்பதற்கும் அளவுகோல் வகுத்தன: உறுப்பினர் மற்றவர்களைக் கேட்க முடிய வேண்டும், அவர்களுக்கும் இவர் குரல் கேட்க வேண்டும், இயன்றவரை ஒருவரையொருவர் பார்க்கவும் முடிய வேண்டும். பார்ப்பது 'இயன்றவரை', கேட்பது கட்டாயம். அவை என்பது அடிப்படையில் செவியால் ஆனது என்று சட்டமே ஒப்புக்கொண்டதுபோல இருக்கிறது இது.

கதவு போயிற்று; ஆனால் கதவின் அதிகாரம் போகவில்லை. செஷயரில் உள்ள ஹேண்ட்ஃபோர்த் என்னும் ஊரின் பாரிஷ் மன்றம் 2020 டிசம்பர் 10 அன்று ஸூம் வழியே கூடியது. கூட்டமே சட்டப்படி செல்லாது என்று தலைவர் வாதிட்டார். கூட்டத்தை நடத்தித்தர வந்திருந்த ஜாக்கி வீவர் என்ற அம்மையார் அமைதியாக அவரைக் காத்திருப்பு அறைக்கு அனுப்பிவிட்டார். கூச்சல் எழுந்தது, கூச்சலிட்டவர்களும் வெளியே போனார்கள். 2021 பிப்ரவரியில் இந்தக் காணொளி உலகெங்கும் பரவி, முடங்கிக் கிடந்த மக்களைச் சிரிக்க வைத்தது. நானும் சிரித்தேன். ஆனால் டென்பியில் மேசனை வெளியேற்ற ஒரு மன்றமும் தீர்மானமும் நீதிமன்றமும் தேவைப்பட்டன. இங்கே ஒரு விரல் போதுமானதாக இருந்தது. அதைச் செய்யும் முறையான அதிகாரம் அம்மையாருக்கு இல்லை என்றே 2022இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. இருந்த சூழலில் அவர் செய்தது புரிந்துகொள்ளத்தக்கது என்றும் அதே அறிக்கை சேர்த்துக்கொண்டது.

இதற்கிடையே விதிகளின் ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. 2021 மே 7க்கு முன் நடக்கும் கூட்டங்களுக்கு மட்டுமே அவை பொருந்தும் என்று சட்டத்திலேயே இருந்தது. நோயோ அந்தத் தேதியைக் கேட்டு நடக்கவில்லை. நீட்டிப்பதற்குப் புதிய சட்டம் வேண்டும், அதற்கு நாடாளுமன்றத்தில் நேரமில்லை என்று மார்ச்சில் அரசு கைவிரித்தது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் கவுன்ட்டி மன்றமும், உள்ளாட்சி வழக்கறிஞர்கள், அலுவலர்கள் ஆகியோரின் இரு சங்கங்களும் நீதிமன்றம் சென்றன. புதிய சட்டமே தேவையில்லை, 1972ஆம் ஆண்டின் சொற்களே இணையத்துக்கும் இடம் தரும் என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்பில் நின்ற அமைச்சரும் அதை ஆதரித்தார் என்பது வேடிக்கை.

நீதிபதிகள் இருவரும் இணங்கவில்லை. கூட்டம் என்றால் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நேரில் கூடுவதே என்று ஏப்ரல் 28 அன்று தீர்ப்பளித்தார்கள். ஸ்காட்லாந்து 2003இலேயே இதற்கெனத் தனிச்சட்டம் செய்திருக்கிறது; பழைய சொல்லே போதுமென்றால் அதற்கு என்ன தேவை இருந்தது? பொதுமக்களுக்குத் திறந்த கூட்டம் என்பதற்கும் அவர்கள் நேரில் வர முடிய வேண்டும் என்பதே பொருள் என்று மே 4 அன்று கூடுதல் தீர்ப்பும் வந்தது.

சொல்லளவில் இத்தீர்ப்பில் குறை காண எனக்கு இயலவில்லை. குறை, நேரமில்லை என்றவர்களிடம் இருக்கிறது. பதின்மூன்று மாதங்களாகச் சக்கர நாற்காலியிலிருந்தும், நோயாளியின் படுக்கையருகிலிருந்தும், கைக்குழந்தையோடும் வாக்களித்த உறுப்பினர்கள் ஒரே வாரத்தில் மீண்டும் 'வராதவர்கள்' ஆனார்கள். இணைய வசதி இல்லாத முதியவர்களுக்குப் பழைய அறை நல்லது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அறையையும் இணையத்தையும் ஒருசேர வைத்துக்கொள்ள யாரும் தடுக்கவில்லையே! இது குறித்து 2024 அக்டோபரில் அரசு கருத்துக் கேட்டது. நேரம் வாய்க்கும்போது சட்டம் செய்வோம் என்று 2025 ஜூனில் பதில் சொன்னது.

வேல்ஸ் காத்திருக்கவில்லை. உறுப்பினர்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து கலந்துகொள்ள வழிசெய்வதை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாகவே ஆக்கிவிட்டது அதன் 2021ஆம் ஆண்டுச் சட்டம். மேசனை வெளியே அனுப்பிய டென்பி நகரின் மன்றத்துக்கும் அது பொருந்தும்.