ரோமாபுரிச் சாலையும் நம்மூர்ப் பெருவழியும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

பணியில் இருந்தபோது சமூக அறிவியலில் ரோமாபுரிப் பாடம் நடத்துவேன். சாலை போடுவதில் வல்லவர்கள், பொதுக் குளியல் கூடங்கள் கட்டியவர்கள், இறந்தவர்களைச் சுரங்கங்களில் அடக்கம் செய்தவர்கள் என்று கரும்பலகையில் மூன்று வரி எழுதிப் போடுவேன். ஒருமுறை கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், ரோமாபுரிக்காரங்க நம்மூருப் பக்கம் வந்தாங்களா?" என்று கேட்டான். "பாடத்தைக் கவனிடா" என்று உட்கார வைத்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியாது என்பதுதான் உண்மை.

நம் பரமத்தி வேலூரில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வேலாயுதம்பாளையம், புகழிமலை. முருகனைக் கும்பிட எத்தனையோ முறை படி ஏறியிருக்கிறேன். அதே மலையின் குகைத்தளத்தில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. சேர மன்னர் குடும்பத்தில் மூன்று தலைமுறையின் பெயர்களைச் சொல்லும் தமிழி எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. வயது சுமார் 1,800 ஆண்டுகள். கருவூர்ப் பொன் வணிகர் ஒருவர் கொடுத்த படுக்கையும் உண்டு. இதையெல்லாம் ஓய்வு பெற்ற பிறகுதான் நின்று பார்த்தேன்.

பொன் வணிகர் இருந்தார் என்றால் வணிகம் நடந்திருக்க வேண்டும், வழி இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த வழியைத் தேடித்தான் போன மாதம் நண்பர்கள் இருவருடன் ஈரோடு மாவட்டம் கொடுமணலுக்குப் போனேன். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் வடகரையில் உள்ள சிற்றூர். சங்க இலக்கியமான பதிற்றுப்பத்து "கொடுமணம்" என்று குறிப்பிடும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர் கருத்து. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பிறகு தொல்லியல் துறைகளும் இங்கே பலமுறை அகழாய்வு செய்திருக்கின்றன. பேராசிரியர் கா. ராஜனின் பணி இதில் முக்கியமானது.

எங்களுக்கு வழிகாட்டியவர் அந்த ஊர்ப் பெரியவர். அகழாய்வில் கூலிக்கு மண் வெட்டியவர். "வாங்க வாத்தியாரே, பாண்டியங்குழியப் பாக்கலாமுங்க" என்று முன்னால் நடந்தார்.

முதலில் வழியைப் பற்றிச் சொல்கிறேன். மேற்குக் கடற்கரையின் முசிறியில் கப்பல் சரக்கு இறங்கும். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய், வெள்ளலூர், கொடுமணல், கரூர் வழியாகக் காவிரிக் கரையோடு பூம்புகார் வரை சென்றது பெருவழி. ரோமானியர் கி.மு. 312இல் தொடங்கிய அப்பியன் சாலை போலக் கல் பாவிய சாலை இல்லை இது. வணிகச் சாத்துகளும் பொதி சுமந்த விலங்குகளும் நடந்து நடந்து உருவான பாதை. ஆனால் இதன் வழியாக ரோமாபுரிக் காசு தாராளமாக வந்திருக்கிறது. வெள்ளலூரில் 1842இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கரூரில் அமராவதி ஆற்று மணலில் செப்புக் காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன.

காசு எதற்காக வந்தது? கொடுமணல் மண்ணில் பதில் இருக்கிறது. பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றை அறுத்து, துளையிட்டு, மணியாக்கிய பட்டறைகள் இங்கே இருந்தன. இரும்பை உருக்கி எஃகு செய்த உலைகளும் கிடைத்துள்ளன. பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைத்தது. நல்ல பச்சைக்கல் இந்தியாவைத் தவிர வேறிடத்தில் கிடைப்பது அரிது என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சிக் கொள்கிறது என்று வருத்தப்பட்டவரும் அவரே.

அடுத்தது ஈமக்காடு. ஊருக்குள் பிணம் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது ரோமாபுரியின் பழைய சட்டம். அதனால் சாலையோரம் கல்லறை கட்டினார்கள், பிற்காலத்தில் நிலத்தடியில் சுரங்கம் குடைந்தார்கள். கொடுமணலிலும் குடியிருப்பு ஒருபுறம், ஈமக்காடு அதற்கு வெளியே. சுற்றிலும் கல்வட்டம். நடுவில் நான்கு பக்கமும் பலகைக் கல் நிறுத்திய அறை. ஒரு பலகையில் மட்டும் துளை. அதை இடுதுளை என்கிறார்கள். உள்ளே எலும்போடு பானைகளும் மணிகளும் வைத்திருந்தார்கள்.

பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆள் பெயர்கள் கீறியிருக்கிறார்கள். கண்ணன் ஆதன் என்பது அவற்றில் ஒன்று. சத்துணவுத் தட்டில் பெயர் கீறி வைத்திருந்த என் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். பெயர் எழுதுகிறார்கள் என்றால் படிக்கத் தெரிந்தவர்கள் சுற்றிலும் இருந்தார்கள் என்றுதானே பொருள்?

குளியல் கூடம்? ரோமாபுரியில் தரைக்கு அடியில் சூடான காற்றைச் செலுத்தி வெந்நீர்க் கூடம் அமைத்தார்கள். கொடுமணலில் அப்படி எதுவும் இல்லை. ஆறுதான் குளியல் கூடம். "சின்னப் பையனா இருக்கீல நாளெல்லாம் நொய்யல்லதானுங்க கெடப்போம். இப்பக் கால் நனைக்கவே யோசிக்கறமுங்க" என்றார் பெரியவர். திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே கழிவுநீர்த் தேக்கமான கதை நாம் அறிந்ததுதான். 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது.

திரும்பும்போது ஒரு வேலியோரம் நின்றார். "இந்தக் கல்லெல்லாம் வட்டத்துல இருந்ததுங்க. உழுவறதுக்கு இடைஞ்சல்னு நாங்கதான் பெயர்த்துப் போட்டோம். தப்புன்னு அப்பத் தெரியலீங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பெயர்த்தது கல்லை. நான் உட்கார வைத்தது ஒரு பிள்ளையின் கேள்வியை. தெரியாமல் செய்ததில் இருவரும் ஒன்றுதான்.

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுலா என்றால் ஊட்டி, கொடைக்கானல் மட்டும் வேண்டாம். ஒரு நாளாவது புகழிமலைக்கும் கொடுமணலுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கல்லைத் தொட்டுப் பார்த்த பிள்ளை நாளைக்கு அதைப் பெயர்க்க மாட்டான்.

அந்தக் கடைசி வரிசைத் தம்பி இதைப் படிக்க நேர்ந்தால், தாமதமான பதில் இதோ. அவர்கள் காசு நம்மூர்ப் பக்கம் வந்தது, தம்பி. நம் ஊர்க் கல் அவர்கள் ஊருக்குப் போனது. நல்ல கேள்விதான் கேட்டாய்.