பெருங்குடல் புற்றுநோய்: கண்டறியப்படும் கட்டமே உயிர் காக்கும்

உலகில் அதிகம் கண்டறியப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு மூன்றாமிடம், உயிரிழப்பில் இரண்டாமிடம். 2022-ஆம் ஆண்டில் சுமார் 19 லட்சம் பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாகினர். சுமார் 9 லட்சம் பேர் உயிரிழந்தனர்.

நோயின் தீவிரம் நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. முதலிரு கட்டங்களில் புற்று குடல் பகுதியிலேயே இருக்கும். மூன்றாவதில் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும், நான்காவதில் கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்புகளுக்கும் பரவியிருக்கும்.

அமெரிக்காவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே குடலைத் தாண்டும் முன் நோய் கண்டறியப்படுகிறது. அவர்களில் சுமார் 90 சதவீதத்தினர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோருக்குத் தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகே தெரியவருகிறது. அவர்களிடையே இவ்விகிதம் சுமார் 15 சதவீதம் மட்டுமே.

குடலில் உருவாகும் ‘பாலிப்’ எனும் சிறு கட்டி புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுகள் வரை ஆகும். அறிகுறியற்றோரையும் பரிசோதிப்பதன் பயன் இதுவே. இங்கிலாந்தில் 2006 முதல் மலப் பரிசோதனைக்கான உபகரணம் அஞ்சலில் வீட்டுக்கே அனுப்பப்படுகிறது. அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயது 2021-இல் 45-ஆகக் குறைக்கப்பட்டது.

இந்தியாவின் தேசிய பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களை மையமாகக் கொண்டது. மலத்தில் ரத்தம் கலப்பதை மூலநோய் எனக் கருதிக் காலம் தாழ்த்துவோரும் உண்டு. 2010-14-இல் கண்டறியப்பட்ட பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஐந்தாண்டுகள் வாழ்ந்தோர் தென் கொரியாவில் 70 சதவீதத்துக்கும் அதிகம். இந்தியாவில் சுமார் 39 சதவீதம். சிகிச்சை வசதியுடன், தாமதமான கண்டறிதலும் இவ்விடைவெளிக்குக் காரணமாகும்.