மண்ணுக்குள் காத்த மரபு

மண்ணில் புதைத்த தாழி என்றதும் தமிழர்களுக்கு முதுமக்கள் தாழிதான் நினைவுக்கு வரும். கருங்கடலின் கிழக்குக் கரையில் உள்ள ஜார்ஜியா நாட்டிலும் தாழியைப் புதைக்கிறார்கள். அங்கே அதற்குள் உருவாவது திராட்சை ஒயின். அந்தத் தாழியின் பெயர் குவெவ்ரி.

ஒயின் என்றால் பிரான்சையும் இத்தாலியையும் சொல்வதே பலரின் வழக்கம். ஆனால் அதன் தொன்மைக்குச் சான்று கிடைத்தது வேறு இடத்தில்.

ஜார்ஜியத் தலைநகர் திபிலீசிக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் இரண்டு புதிய கற்காலக் குடியிருப்புகள் உள்ளன. அங்குக் கிடைத்த பானை ஓடுகளில் டார்டாரிக் அமிலத்தின் எச்சம் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். புளியிலும் திராட்சையிலும் மிகுதியாக உள்ள அமிலம் அது. புளி விளையாத அந்த மண்ணில் அது திராட்சையையே காட்டியது. 2017இல் வெளியான இந்த ஆய்வின்படி, அந்த ஓடுகளின் வயது சுமார் 8,000 ஆண்டுகள். அதற்கு முன்பு மிகப் பழையதாகக் கருதப்பட்ட ஈரான் நாட்டுச் சான்றைவிட இது பல நூறு ஆண்டுகள் மூத்தது.

குவெவ்ரி முட்டை வடிவம் கொண்டது. உட்புறம் தேன்மெழுகு பூசி, கழுத்துவரை மண்ணில் புதைப்பார்கள். திராட்சையை மிதித்துப் பிழிந்த சாற்றுடன் தோல், விதை, காம்பு ஆகியவற்றையும் அதில் இடுவது கிழக்குப் பகுதியான காக்கெத்தியின் வழக்கம். சாறு நொதித்து அடங்கியதும் வாயை மூடி விடுவார்கள். ஐந்தாறு மாதங்கள் கழித்துத் திறப்பார்கள். கோடையிலும் குளிரிலும் வெப்பநிலை பெரிதாக மாறாமல் மண் பார்த்துக்கொள்கிறது.

இந்த மரபுக்குச் சோதனைகளும் குறைவில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் காக்கெத்தி மீது படையெடுத்தார். திராட்சைத் தோட்டங்கள் அழிக்கப்பட்டன. மக்கள் நாடு கடத்தப்பட்டனர். சோவியத் ஆட்சியில் வேறு வகைச் சோதனை வந்தது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட திராட்சை வகைகள் இருந்தும், தொழிற்சாலைகள் அதிக விளைச்சல் தரும் சிலவற்றையே நாடின. 1985இல் கோர்பச்சோவ் மது ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது பல தோட்டங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன.

தொழிற்சாலை இருக்கும்போது தாழி எதற்கு என்று கேட்கலாம். தொழிற்சாலை அளவைப் பெருக்கியது உண்மைதான். ஆனால் அரசின் கட்டளை மாறியபோது அதன் போக்கும் மாறியது. கிராமத்து வீடுகளிலோ, விருந்துக்கும் திருமணத்துக்கும் தேவையான ஒயினைக் குடும்பத்தினரே தாழியில் தயாரித்து வந்தனர். பக்குவம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. பழைய முறை பிழைத்தது இந்த வீடுகளில்தான்.

அதன் பயன் பின்னர் தெரிந்தது. 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை விதித்தது. ஏற்றுமதியில் பெரும்பகுதியை வாங்கி வந்த சந்தை ஒரே நாளில் மூடப்பட்டது. உற்பத்தியாளர்கள் தரத்தை உயர்த்தி, புதிய நாடுகளைத் தேட வேண்டியதாயிற்று. அங்கெல்லாம் தனி அடையாளமாக நின்றது தாழி ஒயின். 2013இல் யுனெஸ்கோ இம்முறையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது. ரஷ்யத் தடை விலகியதும் அதே ஆண்டில்தான்.

கவலை முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ரஷ்யாவே மீண்டும் மிகப் பெரிய சந்தையாகிவிட்டது. பெரிய குவெவ்ரியை வனையும் கைப்பக்குவமோ சில குடும்பங்களிடம்தான் உள்ளது. களிமண்ணைப் படிப்படியாக அடுக்கி, வாரக்கணக்கில் உயர்த்திச் சூளையில் சுட வேண்டிய வேலை அது.

பெருமை பேச 8,000 ஆண்டுக் கணக்கு போதும். அடுத்த அறுவடைக்குத் தாழி வேண்டுமென்றால், அதை வனையத் தெரிந்த கை இருக்க வேண்டும்.