துப்பறியும் நாவலும் ஊர்த் தீர்ப்பும்

"அந்தப் புத்தகங்களைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்துப் படித்தோம், சாமி" என்றார் இண்டூர்ப் பெரியவர் ஒருவர். துப்பறியும் நாவல் இளைஞரைக் கெடுக்கும் என்பது அன்றைய பெரியோர் கருத்து. வாசகர் கருத்தோ வேறாயிருந்தது.

1894இல் நடேச சாஸ்திரியாரின் 'தானவன்' தமிழில் இவ்வகை நாவலுக்கு வழி திறந்தது. 1908இல் வெளிவந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' பல பதிப்புகள் கண்டது. 1935இலும் 1951இலும் திரைப்படமாயிற்று. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் கதையைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் 'திகம்பர சாமியார்' என்று படமாக்கியது. இண்டூரும் அன்று சேலம் மாவட்டத்திலேயே இருந்தது.

இவற்றில் மக்கள் நாடியது மொழியழகன்று; மறைந்த உண்மை வெளிப்படும் நிறைவு. சிற்றூரில் பழி ஒரு பொழுதில் பரவிவிடும். சான்று தேடும் பொறுமை எவருக்கும் இராது. இங்கிலாந்தில் செஸ்டர்டன் 1911இல் நூலாக்கிய கதைகளில் துப்பறிபவர் பிரௌன் என்னும் குருவே. பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டு மனித உள்ளத்தை அறிந்தவர் அவர். தண்டனையைவிட மனமாற்றத்தையே விரும்புபவர்.

"அந்நூல்கள் தங்களுக்குத் தந்தது என்ன?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"முதலில் சந்தேகப்பட்டவன் கடைசியில் குற்றவாளி இல்லை, சாமி. அதனால் ஊர்ப்பேச்சை நான் உடனே நம்புவதில்லை" என்றார்.

அவசரத் தீர்ப்பைப்பற்றி நான் ஆற்றிய மறையுரைகள் பல. அவருக்கு அப்பாடம் தலையணைக்கடியிலேயே கிடைத்துவிட்டது.