கோத் இசையின் அத்திவாரத்தில் ஒரு குரைஷி



ஊர் உறவுகளே, இன்றைய வரலாற்றுப் பதிவு கொஞ்சம் தூரத்து விஷயம். எருக்கலம்பிட்டியில் இருந்து இங்கிலாந்தின் பிரட்போர்ட் நகரத்துக்குப் போகப் போகிறோம். பதிவு நீளமானது. ஆறுதலாக வாசியுங்கள்.

"வென்ஸ்டே" தொடர் வந்த பிறகு நம்மட பிள்ளைகளுக்கும் "கோத்" என்ற சொல் தெரியும். கறுப்பு உடுப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை, வெளிறிய முகம், சிரிக்காத பார்வை. ஆனால் அது உடுப்பாகத் தொடங்கியதல்ல, இசையாகத் தொடங்கியது. 1970களின் கடைசியில் பிரித்தானியாவில் பங்க் இசையின் கோபம் அடங்கியபோது, அதே இளைஞர்கள் இருட்டையும் மரணத்தையும் தனிமையையும் பாடத் தொடங்கினார்கள். 1979இல் போஹோஸ் என்ற குழு "பேலா லுகோசிஸ் டெட்" என்ற ஒன்பது நிமிடத்துக்கும் மேற்பட்ட பாடலை வெளியிட்டது. பலரும் அதையே இந்த இசையின் தொடக்கமாகச் சொல்வார்கள். 1982இல் லண்டனில் பேட்கேவ் என்ற கிளப் திறந்தது. அதன் பிறகு பத்திரிகைகளும் பின்னால் ஓடின.

இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் போஹோஸ், சூசி அண்ட் த பான்ஷீஸ், சிஸ்டர்ஸ் ஒஃப் மேர்சி, த கல்ட் என்று சில பெயர்களை அடுக்குவார்கள். எல்லாம் வெள்ளை முகங்கள். ஆனால் அந்த ஆரம்ப வருடங்களிலேயே, மேடையின் பின்பக்கத்தில் ட்ரம்ஸுக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் இளைஞன் இருந்தான். பெயர் ஹக் நவாஸ் குரைஷி. பிற்காலத்தில் அகி நவாஸ் என்று அறியப்பட்டவர். பாகிஸ்தான் வம்சாவளி, பிரட்போர்டில் வளர்ந்தவர். அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பதிவுக்குள் போக முன் ஒரு விஷயம். இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பைப் பேச நான் வரவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஒரு இடத்தில் யார் இருந்தார்கள், பிறகு அந்தப் பெயர் எப்படிக் காணாமல் போனது என்பதுதான் என் கேள்வி. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: அவருடைய ட்ரம்ஸுக்கு நான் பல வருட ரசிகன்.

முதலில் பிரட்போர்டைப் புரிந்துகொள்ள வேண்டும். அது கம்பளி ஆலைகளின் நகரம. 1950கள், 60களில் அந்த ஆலைகளின் இரவு வேலைக்குப் பாகிஸ்தானில் இருந்து ஆட்கள் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி மிர்பூர்ப் பக்கத்து மக்கள். 1967இல் முடிந்த மங்களா அணைக்கட்டு அவர்களுடைய ஊர்களையும் வயல்களையும் நீருக்குள் கொண்டுபோனது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். ஊர் இழந்து வேறு மண்ணில் பிள்ளை வளர்ப்பது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வள்ளம் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள் நாம்.

அந்த ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள் வளர்ந்து இளைஞர்களானபோது ஆலைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்தன. தெருவில் இனவாதக் கும்பல்கள். 1981 ஜூலையில், கும்பல் ஒன்று தாக்க வருகிறது என்ற செய்தி பரவ, தங்கள் பகுதியைக் காப்பாற்ற பெற்றோல் குண்டுகளைத் தயார் செய்தார்கள் என்று பன்னிரண்டு ஆசிய இளைஞர்கள் கைது செய்யப்பட்டார்கள். "பிரட்போர்ட் 12" என்று வரலாறு சொல்வது இவர்களைத்தான். தற்காப்பு குற்றமல்ல என்று வாதாடி, அடுத்த வருடம் ஜூரிகளால் அத்தனை பேரும் விடுதலையானார்கள்.

சதர்ன் டெத் கல்ட் என்ற இசைக்குழு பிறந்தது அதே நகரத்தில், அதே 1981இல். ட்ரம்ஸ் ஹக் குரைஷி, கிற்றார் பஸ் பரோஸ், பேஸ் பரி ஜெப்சன், பாடகர் இயன் அஸ்பரி. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த நால்வரில் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர் அஸ்பரி. ஆனால் அவர் ஏற்கெனவே ஒத்திகை செய்துகொண்டிருந்த ஒரு குழுவில் கடைசியாக வந்து சேர்ந்தவர். வீடு கட்டியவர்கள் வேறு, வாசலில் நின்று படம் எடுத்தவர் வேறு என்று சொன்னால் அது கொஞ்சம் கடுமைதான். ஆனால் முழுப் பொய்யும் அல்ல.

அவருடைய வாசிப்பில் என்ன விசேஷம்? சாதாரண றொக் பாட்டில் மேலே உள்ள தட்டுகள் "டிக் டிக்" என்று நேரம் சொல்லும். நடுவில் உள்ள சிறிய ட்ரம் இரண்டாவது, நான்காவது அடியில் வெடிக்கும். சதர்ன் டெத் கல்டில் அந்த ஒழுங்கு பின்னால் போகிறது. அடியில் இருக்கும் பெரிய, ஆழமான டொம் ட்ரம்கள் முன்னுக்கு வருகின்றன. ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப உருட்டி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் அழுத்தம் கூட்டி வருகிறார். சஹருக்கு எழுப்ப வரும் பாவாமாரின் றபான் சத்தம் தெருமுனையில் தொடங்கி வீட்டு வாசலுக்கு வரும்வரை எப்படி நெஞ்சுக்குள் ஏறும்? அந்த மாதிரி. பாட்டு ஒரு பக்கம் நடக்க, அடி வேறொரு கதையைச் சொல்கிறது.

பக்கத்து நகரமான லீட்ஸில் சிஸ்டர்ஸ் ஒஃப் மேர்சி குழு ட்ரம்ஸ் வாசிக்க ஆளே வைக்கவில்லை. ஒரு இயந்திரத்தை வைத்துக்கொண்டு அதற்கு "டொக்டர் அவலாஞ்ச்" என்று பெயரும் வைத்தார்கள். அந்தக் குளிர்ந்த இயந்திர அடி கோத் இசையின் ஒரு பாதை. பிரட்போர்டில் இருந்து வந்த உருளும் டொம் அடி இன்னொரு பாதை. இரண்டாவது பாதையில் நடந்தவர்கள் அந்தக் காலத்தில் வேறும் இருந்தார்கள். ஆனால் குரைஷியின் கை அதில் மறுக்க முடியாத ஒன்று.

குழுவின் ஆயுள் மிகக் குறுகியது. போஹோஸ், தியேட்டர் ஒஃப் ஹேட் குழுக்களுடன் சுற்றுப்பயணம் செய்தார்கள். 1982 டிசெம்பரில் "ஃபட்மேன்", "மோயா" பாடல்கள் கொண்ட ஒரேயொரு சிங்கிள் வந்தது. 1983 பெப்ரவரியில் என்.எம்.இ. பத்திரிகை இந்தப் புதிய அலையைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதி, இவர்களையும் அதில் முக்கியமாகச் சேர்த்தது. அதே மாதம் குழு உடைந்தது. அவர்களுடைய பெயரில் உள்ள ஒரே அல்பம் உடைந்த பிறகு, கிடைத்த ஒலிப்பதிவுகளைத் திரட்டி வெளியிடப்பட்டது. அஸ்பரி முதலில் டெத் கல்ட், பிறகு த கல்ட் என்ற பெயரில் புதிய குழு அமைத்தார். 1985இல் "ஷி செல்ஸ் சாங்சுவரி" பாடலோடு உலகம் அவரை அறிந்தது.

பெயர் மறைவது இப்படித்தான். யாரும் வேண்டுமென்று அழிக்க வேண்டியதில்லை. பாடகர் பிரபலமானால், அவர் முன்பு இருந்த குழு "அவருடைய பழைய குழு" ஆகிவிடும். மற்ற மூவரும் அடிக்குறிப்பாகிவிடுவார்கள். அதிலும் ட்ரம்ஸ் வாசித்தவரின் பெயர் இசைத்தட்டில் "அகி" என்று சுருக்கமாக இருந்தால், அதை வாசிக்கிற எத்தனை பேருக்கு அது ஒரு குரைஷி என்று தெரியப் போகிறது?

ஆனால் மனிதர் அடிக்குறிப்பாக இருக்க மறுத்தார். பழைய நண்பர்களோடு கெட்டிங் த ஃபியர் என்ற குழுவில் கொஞ்சக்காலம் இருந்தார். 1980களின் இறுதியில் காத் கனோவில் என்பவரோடு சேர்ந்து நேஷன் ரெக்கோர்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். ட்ரான்ஸ்குளோபல் அண்டர்கிரவுண்ட், ஏசியன் டப் ஃபவுண்டேஷன் போன்ற குழுக்கள் வெளிச்சத்துக்கு வந்தது அதன் வழியாகத்தான். 1991இல் ஃபண்டமென்டல் என்ற தன் குழுவோடு இந்த முறை மேடையின் முன்பக்கத்துக்கே வந்தார். கவ்வாலியும் மல்கம் எக்ஸின் பேச்சும் ராப்பும் கலந்து, இனவாதத்தைப் பெயர் சொல்லித் திட்டியது அந்தக் குழு. 1994இல் வந்த "சீஸ் த டைம்" அவர்களுடைய முதல் அல்பம்.

2005 லண்டன் குண்டுவெடிப்புகளுக்கு அடுத்த வருடம் அவர் வெளியிட்ட "ஆல் இஸ் வோர்" அல்பத்தில், குண்டு தயாரிப்பதைப் பற்றிய ஒரு பாடல் இருந்தது. தனி மனிதன் வீட்டில் செய்யும் குண்டையும் அரசுகள் செய்யும் குண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கேள்வி கேட்டார். பத்திரிகைகள் கொதித்தன. எனக்கு அவருடைய எல்லாச் சொல்லிலும் உடன்பாடு இல்லை. அந்தக் காயம் ஆறாத நேரத்தில் அப்படிப் பாடியது அவசியமா என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒருவரை மதிப்பதற்கு அவர் சொன்னதெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்றால், வரலாற்றில் மதிக்க ஆளே இருக்காது.

நான் அவரில் மதிப்பது இதைத்தான். கறுப்பு உடுப்புக் கூட்டத்துக்குள் போனபோது அவர் குரைஷியாக இருப்பதை விட்டுவிட்டுப் போகவில்லை. பிறகு முஸ்லிமாக உரத்துப் பேசியபோது, தான் வந்த பங்க் வழியையும் மறைக்கவில்லை. இரண்டும் என்னுடையது என்றார். வெளியூரில் பிறந்து வளரும் நம்மட பிள்ளைகளிடம் "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோமே, அந்தக் கேள்விக்கு அவருடைய வாழ்க்கை ஒரு பதில்.

என் மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது: ஒரு சம்பவத்தின் வரலாற்றைப் படிக்கும்போது முன்னால் நின்றவரை மட்டும் பார்க்காதே. பின்னால் அடி கொடுத்தவர் யார் என்று கேள். நமக்கும் அது பொருந்தும். கற்பிட்டியிலும் புத்தளத்திலும் ஓலைக் கொட்டிலுக்குள் பிள்ளைகளைக் கூட்டி முதல் வகுப்பு எடுத்தவர்கள் யார்? திரும்பி வந்து பற்றைக்காடாகக் கிடந்த வளவை முதலில் வெட்டியவர்கள் யார்? மேடையில் பேசியவர்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும். இவர்களின் பெயர் தெரிந்தவர்கள் வயதாகிக்கொண்டு போகிறார்கள்.

உங்கள் வாப்பாவிடம், உம்மம்மாவிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முழுப்பெயரோடு எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.