பேருந்துக் கட்டணமும் நம் உரிமைப் பயணமும்



நாள்தோறும் காலையில் திருவட்டாறு பேருந்து நிலையத்தில் காத்து நிற்கின்றீர்கள். பேருந்து வந்ததும் ஏறுகின்றீர்கள். கிடைத்த இருக்கையில் அமர்கின்றீர்கள். நடத்துநரிடம் காசு கொடுத்துச் சீட்டுப் பெறுகின்றீர்கள். இதில் வியப்பதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்பீர்கள். காசு கொடுத்தாலும் ஏற்றமாட்டோம் என்று நம் மக்களை விலக்கிய காலம் ஒன்று இருந்தது. ஏற இடமுண்டு, ஆனால் கையில் காசில்லை என்ற காலம் அதன்பின் வந்தது. இவ்விரண்டையும் கடந்தே நாம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்றோம். வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் இவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவது கடமையெனக் கருதுகின்றோம்.

காசு இருந்தும் வண்டி இல்லை

1901ஆம் ஆண்டில் சிறுவராயிருந்த அண்ணல் அம்பேத்கர், தம் தந்தையாரைக் காண உடன்பிறந்தாரோடு புறப்பட்டு, மசூர் புகைவண்டி நிலையத்தில் இறங்கினார். அங்கிருந்து கோரேகாவ் செல்ல மாட்டுவண்டி தேவைப்பட்டது. அச்சிறுவர்கள் நல்லுடை அணிந்திருந்தனர். கையில் பணமும் வைத்திருந்தனர். எனினும் அவர்கள் மகார் குலத்தினர் என அறிந்ததும் வண்டிக்காரர் எவரும் இசையவில்லை. இறுதியில் ஒருவர் இருமடங்கு கூலிக்கு இணங்கினார். வண்டியைச் சிறுவர்களே ஓட்டவேண்டும், தாம் உடன் நடந்து வருவதாக அவர் நிபந்தனை விதித்தார். இருமடங்கு கொடுத்தும் பயணியாக அமர முடியாத அந்நிகழ்ச்சியை அண்ணல் தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

நம் பகுதி அடங்கியிருந்த திருவிதாங்கூரின் நிலையும் இதுவே. பொதுச்சாலைகள் அனைவர்க்கும் உரியவை என 1865ஆம் ஆண்டிலேயே அரசு ஆணையிட்டது. ஆணை ஏட்டில் கிடந்தது. சாலையோ மேற்சாதியினர் பிடியில் இருந்தது. அந்நிலையில்தான் வெங்ஙானூர் தந்த வீரர் அய்யன்காளி, 1893ஆம் ஆண்டில் சொந்தமாக வில்லுவண்டி ஒன்றை வாங்கி, தலைப்பாகை அணிந்து, தடுக்கப்பட்ட சாலையில் ஓட்டிச் சென்றார். தாக்கியவர்களை எதிர்த்தும் நின்றார்.

மோட்டார் வண்டி வந்த பின்னரும் தீண்டாமை இறங்கி ஓடிவிடவில்லை. சென்னைச் சட்டமன்றத்தில் 1924ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானம், பொதுச்சாலைகளும் கிணறுகளும் நம் மக்களுக்கும் உரியவை என உறுதி செய்தது. ஆயினும் தனியார் பேருந்து முதலாளிகள் சிலர் நம்மவரை ஏற்ற மறுத்தனர். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் நீக்கப்படும் என எச்சரித்தார். அதன்பின்னரே கதவுகள் திறந்தன.

அரைச் சக்கரமும் ஏழ்மையும்

1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது. ஏறத்தாழ ஓராண்டும் மூன்று திங்களும் கழித்து, 1938 பிப்ரவரி 20ஆம் நாள், திருவிதாங்கூர் அரசுப் பேருந்துப் போக்குவரத்து தொடங்கப்பட்டது. இலண்டனிலிருந்து வந்த சால்ட்டர் என்பவர் அதன் கண்காணிப்பாளராயிருந்தார். கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். இருபது மைல் செல்லப் பத்துச் சக்கரம் வேண்டும். நாள் முழுதும் வயலில் உழைத்து நெல்லைக் கூலியாகப் பெற்ற குடும்பத்தின் கையில் சக்கரம் ஏது? சட்டம் திறந்த கதவை ஏழ்மை மூடியது. நம் முன்னோர் தொடர்ந்து நடந்தே சென்றனர்.

1956 நவம்பர் முதல் நாள் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பின்னரும் இந்நிலை உடனே மாறிவிடவில்லை. நாம் மாணவராயிருந்த காலத்தில், செல்லும்போது பேருந்து, திரும்பும்போது நடை என்பதே வழக்கம். அன்னையாரின் முந்தானை முடிச்சு ஒருவழிக் கட்டணத்திற்கே இடம் கொடுத்தது. மீதிச் சில்லறையைக் கையில் தாராமல் இருக்கையின் மேல் வைத்த நடத்துநர் ஒருவரையும் நாம் மறக்கவில்லை. சட்டப்படி அவர் சீட்டுக் கொடுத்தார். விரல் படாமல் கொடுத்தார்.

சட்டமும் மனமும்

பொது ஊர்திகளில் தீண்டாமை பாராட்டுவது குற்றமென 1955ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் அம்மையார் வெள்ளையருக்கு இருக்கை தர மறுத்துக் கைதானார். அந்நகரின் கறுப்பின மக்களும் கட்டணம் செலுத்தியவர்களே. ஆயினும் பின்வரிசையே அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அம்மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தனர். அவர்களின் காசு வராமல் நிறுவனம் தள்ளாடிற்று. நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் சட்டம் வந்தும் மனம் மாறவில்லை என்பதற்கு 1997ஆம் ஆண்டே சான்று. கட்டபொம்மனின் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு ஒரு போக்குவரத்துக் கழகத்திற்குச் சூட்டியபோது, அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் எனச் சிலர் கிளம்பினர். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. நம் மாவட்டத்தில் ஓடிய நேசமணி போக்குவரத்துக் கழகத்தின் பெயரும் அவ்வாறே மறைந்தது.

இனி நாம் செய்யத்தக்கவை

மாணவர்க்கு இலவசப் பயண அட்டை கிடைத்தது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. பத்தாம் வகுப்போடு நின்றிருக்கக்கூடிய பெண்பிள்ளைகள் மேல்வகுப்புச் செல்வதைத் தலைமையாசிரியர் என்ற முறையில் நாம் நேரில் காண்கின்றோம். இதனை இலவசம் என இகழ்வாரும் உளர். இருமடங்கு கொடுத்தும் ஏற்றப்படாத மக்களின் பேத்திகள் தலைகுனிய வேண்டியதில்லை.

எனினும் பேருந்து வந்தால்தானே பயணம் உண்டு? பேருந்து நுழையாத குடியிருப்புகள் நம்மிடையே இன்னும் உள்ளன. அவற்றுக்குத் தடம் கேட்டு விண்ணப்பம் எழுதுவது படித்த இளைஞரின் பணி. கட்டணம் உள்ள பேருந்தில் சீட்டின்றிச் செல்லாதீர்கள். நம் முன்னோர் கேட்டது சலுகையன்று, காசு கொடுத்துச் சமமாய் அமரும் உரிமை. சில்லறையை எறிவார் முன் அமைதியாகக் கை நீட்டி, கையிலேயே தரும்படி கேளுங்கள். வழிச்செலவின்றிப் படிப்பை விடும் மாணவர் எவரேனும் உங்கள் தெருவில் இருந்தால், அச்செய்தியை அன்றே சங்கத்திற்குத் தெரிவியுங்கள். வெள்ளி விழா ஆண்டில் நாம் வேண்டுவது இதுவே.