தோல் இருக்கையின் வரலாறு



பழைய மோட்டார் வண்டிகளைப் பேணிக் காப்போர், இயந்திரத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இருக்கைகளைப் பற்றிப் பேசுவதில்லை. இயந்திரத்தின் உறுப்பொன்று தேய்ந்துபோனால், அதே அளவில் வேறொன்றை வார்த்துக்கொள்ளலாம். இருக்கையின் மேலுள்ள தோல் ஒருமுறை பொடிந்துவிட்டாலோ, அது மீண்டும் தோலாவதில்லை. அதனைத் துடைப்பதும் செப்பனிடுவதும் எளிய வேலையென்று பலர் கருதுகின்றனர். அவ்வேலைக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. அதனை அறியாத கை, நல்லெண்ணத்துடன் தொட்டாலும் கேடு செய்துவிடும் என்பதை இன்று விளக்க விரும்புகின்றேன்.

இங்கிலாந்தில் தோல் இருக்கை தொடக்கத்தில் செல்வத்தின் அடையாளமாக இருக்கவில்லை. குதிரை வண்டியைச் செலுத்தும் சாரதி திறந்தவெளியில் அமர்ந்து மழையையும் சேற்றையும் தாங்கினான். துடைத்தால் தூய்மையாகும் தோல் அவனுக்கு ஏற்றதாயிற்று. உள்ளே அமர்ந்த உரிமையாளருக்கோ மென்மையான கம்பளித் துணி. மோட்டார் வண்டி தோன்றிய பின்னும் இவ்வழக்கம் நெடுநாள் நீடித்தது. உரிமையாளர்கள் தாமே வண்டியோட்டத் தொடங்கியபோது, சாரதியின் தோலுக்கு மதிப்பு உயர்ந்தது. லண்டனில் 1878-ஆம் ஆண்டு தோன்றிய கானலி நிறுவனம், பிற்காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் முதலிய வண்டிகளுக்குத் தோல் வழங்கிப் புகழ்பெற்றது. அதன் தொழிற்சாலை 2002-இல் மூடப்பெற்றது.

இனி, தோல் பதனிடப்படும் முறையைக் காண்போம். பழைய முறையில், மரப்பட்டையின் துவர்ப்புச் சாற்றில் தோலை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், ஊறவைப்பர். தமிழகத்தில் இதற்கு ஆவாரம்பட்டை பயன்பட்டது. கடுக்காயும் உடன் சேர்ந்தது. இவ்வாறு பதனிட்ட தோல்கள் சென்னைத் துறைமுகத்தினின்று ஏராளமாக இங்கிலாந்துக்குச் சென்றன. ஆயினும், அவற்றைக் கொண்டு கட்டிய புத்தக அட்டைகள் விரைவில் சிதைவதை அங்குள்ளோர் கண்டனர். லண்டன் கலைச் சங்கத்தின் குழுவொன்று ஆராய்ந்து, 1905-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. எல்லாத் துவர்ப்புப் பொருள்களும் ஒரே தன்மையுடையன அல்ல. ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோல் நெடுங்காலம் நில்லாது. நிலக்கரிப் புகையிலும் விளக்கு வாயுவிலும் உள்ள கந்தகம் அதனை அமிலமாய் அரிக்கும் என்னும் உண்மைகள் இத்தகைய ஆய்வுகளால் தெளிவுற்றன. அவ்வாறு அரிக்கப்பட்ட தோலைத் தொட்டால், விரலில் செந்நிறப் பொடி ஒட்டும். எந்த எண்ணெயும் அதற்கு மீண்டும் வலிமை தருவதில்லை.

இரண்டாவது முறை குரோமிய உப்பினால் பதனிடுவது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பார் 1884-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வாரங்கள் எடுத்த வேலை சில நாட்களில் முடிந்தது. தோலும் வெப்பத்தையும் நீரையும் நன்கு தாங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் இதனைச் சென்னையில் சோதித்தார். நம் உழவர்களின் கவலை ஏற்றத்தில் நீரிறைக்கும் தோற்பைக்கும் இத்தோல் பயன்பட்டது. நீரில் கிடந்து உழைக்கும் பொருளுக்கு இதனினும் கடுமையான சோதனை வேறுண்டோ? காலப்போக்கில் மோட்டார் இருக்கைகளுக்கும் இம்முறையே பெருவழக்காயிற்று.

இம்மாற்றத்தோடு மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. தோலின் மேல் நிறமும் பூச்சும் ஏற்றினர். முன்னாளில் செல்லுலோஸ் அரக்குப் பூச்சு. பின்னாளில் பிளாஸ்டிக் வகைப் பூச்சு. எனவே இக்காலத்து இருக்கைகளிற் பெரும்பாலானவற்றில் நம் விரல் தொடுவது தோலையன்று, பூச்சையே. குதிரைச் சேணத்துக்கு மாட்டின் காலெலும்பு எண்ணெயைத் தேய்த்த முன்னோர் செய்தது சரியே. பூச்சில்லாத அத்தோல் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டது. அதே எண்ணெயை இன்றைய இருக்கையில் தடவினால், பெரும்பகுதி மேலேயே தங்கித் தூசியைப் பிடிக்கும். மென்மைக்கு வேண்டிய கொழுப்பு, பதனிடும் சாலையிலேயே தோலினுள் செலுத்தப்பட்டுவிட்டது.

ஆகவே, முதலில் தூசியை நீக்குக. மணல் துகள், தேய்க்குந்தோறும் பூச்சைக் கீறும். பின்னர் மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலரவிடுக. துணி துவைக்கும் காரச் சோப்பு ஆகாது. பதனிட்ட தோல் சிறிது அமிலத் தன்மை உடையதாதலின், காரம் அதன் கட்டைக் குலைக்கும். புதிய மருந்து எதனையும் கண்ணிற்படாத ஒரு மூலையில் சோதித்த பின்னரே பயன்படுத்துதல் வேண்டும்.

கிழிந்த இருக்கையை என்செய்வது? உட்புறம் துணி வைத்து ஒட்டலாம். வெடிப்பை நிரப்பி நிறம் தீட்டலாம். பழைய ஊசித் துளைகளின் வழியே மீண்டும் தைக்கலாம். அனைத்தையும் உரித்துப் புதுத்தோல் போர்த்துவது எளிது, கண்ணுக்கும் அழகு. ஆனால், அத்தோலில் அமர்ந்தோரின் தேய்வும், தைத்த தொழிலாளியின் கைவண்ணமும் அத்துடன் மறைந்துவிடும். காக்கக் கூடியதைக் காத்து, காக்க முடியாததை மட்டும் மாற்றுவதே நெறி என்பது என் கருத்து.

சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையின் அறிவை வளர்த்து வருகிறது. வேதியியல் பயிலும் மாணவர்களுக்கு அங்கே கற்கப் பல உள. ஒரு பொருள் எவ்வாறு ஆயிற்று என்று அறிந்த பின்னரே, அதனைக் காக்கும் வழியும் புலனாகும்.